தலைக்கு மேல் நடக்கிறவர்கள்

லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுக்குப் பார்சல் கொண்டுவருகிற வெள்ளைக்காரர், வாசலில் நிற்கிற சப்பாத்துகளைப் பார்த்து ஒவ்வொரு முறையும் "உள்ளே பார்ட்டியா?" என்று கேட்பார். பார்ட்டி ஒன்றும் இல்லை. ஐந்து படுக்கையறை வீடு வாங்கினாலும் சப்பாத்தோடு உள்ளே போக எங்களால் ஏலாது, அவ்வளவுதான். இப்போது அந்த வரிசையில் என்னுடையதல்லாத ஒரு சோடி நிற்கிறது. மண்ணிறத் தோல், குதிக்கால் தேய்ந்தது, எனக்கு ஓர் அளவு பெரிது. அது வந்த கதையைத்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கதையில் பிழை இராது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து கையில் ஒரு பையோடு லண்டனில் இறங்கியவனுக்கு இன்று ஸ்ட்ரெதம், எட்மண்டன், சவுத்தால் மூன்று இடத்திலும் கடை இருக்கிறது. முருங்கைக்காயைக் கையில் எடுத்தாலே எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் என்னிடம் வந்து ஆலோசனை கேட்கிறார்கள். அப்படிப்பட்டவனிடம் என் ஒரே மகள் சிந்துஜா ஓர் இத்தாலிக்காரனைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றாள். பெயர் மார்க்கோ, அவளைப் போலவே கண் பரிசோதிக்கிற வேலை. நல்ல பெடியன்தான். ஆனால் அவன் தகப்பன் பிறந்தது மாத்தேரா என்ற ஊரில், ஒரு குகைக்குள் என்றாள்.

"குகைக்குள்ளை இருந்த ஆக்களோடையோ நான் சம்பந்தம் செய்யிறது? நான் ஆர்?" என்றேன்.

சிந்துஜா சத்தம் போடவில்லை. "அப்பா, ஒருக்கா மாத்தேராவுக்கு வந்து அவையளைப் பாருங்கோ. நீங்கள் ஓம் எண்டால்தான் செய்வன். வேண்டாம் எண்டால் விட்டிடுறன். ஆனா ப்ளீஸ், அங்கை போய்க் கடைக்கதை மட்டும் தொடங்காதேங்கோ."

விட்டுவிடுவேன் என்று அவள் சொன்னபோது முகம் போன விதத்தைப் பார்த்து என் மனைவி பவளம் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மூன்று பேருக்கும் விமானச் சீட்டு எடுத்தேன்.

மாத்தேராவை எப்படிச் சொல்வது? இத்தாலியின் தெற்கே, ஒரு பள்ளத்தாக்கின் ஓரம் முழுவதையும் குடைந்து மனிதர்கள் வீடு செய்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல், மாலை வெயிலில் வறுத்த ரவை நிறம். தெருவில் நடந்துபோனால் காலுக்குப் பக்கத்தில் புகைபோக்கி முளைத்து நிற்கும். அப்போதுதான் தெரியும், நாங்கள் நடப்பது தெருவல்ல, யாரோ வீட்டுக் கூரை என்று. ஒரு காலத்தில் இங்கே ஒரே அறையில் பத்துப் பிள்ளைகளும் மாடு கழுதையும் கிடந்ததைக் கண்டு அரசாங்கம் வெட்கப்பட்டு, எல்லோரையும் மேட்டில் கட்டிய புது வீடுகளுக்கு ஏற்றியதாம். இன்று அதே குகைகள் ஹோட்டல், நாங்கள் தங்கியதும் அப்படி ஒன்றில்தான். உள்ளே வெள்ளைக் கட்டில், தொட்டால் எரிகிற விளக்கு. ஜன்னல் கிடையாது, கதவுக்கு மேலே ஒரு சின்னத் துவாரம் மட்டும்.

பவளம் கூரையை அண்ணாந்து பார்த்தாள். "இஞ்சருங்கோ, சண்டைக்குள்ளை ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்த என்னை உங்கடை மகள் திரும்பவும் பங்கருக்குள்ளை கொண்டுவந்து விட்டிருக்கிறாள்" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சுவரின் ஈர வாசம் எனக்கு ஏற்கெனவே பழக்கமான வாசம். அதைப் பிறகு சொல்கிறேன்.

சம்பந்தி வீட்டுக்குப் போவதற்கென்றே வாங்கிய கறுப்புச் சப்பாத்தைக் கழற்றி, வாசலில் சோடியாக வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் வாசல் துடைத்து விட்டதுபோல் இருந்தது. ஹோட்டல் பெண் ஓடிவந்தாள். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் கடை ஆங்கிலம் தெரியாது. கதவைக் காட்டினாள், குப்பை வாளியைக் காட்டினாள், கையால் ஒரு லொறி ஓட்டிக் காட்டினாள். விளங்கிவிட்டது. அந்த ஊரில் வேண்டாத சாமானைத்தான் வாசலில் வைப்பார்கள். விடியலில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

"நான் என்ரையை உள்ளுக்கைதான் வைச்சனான்" என்றாள் பவளம், தன் செருப்பைக் காட்டி.

"அதை நேற்றுச் சொல்லியிருக்கலாமே?"

"ஐரோப்பா முழுக்கத் தெரிஞ்ச மனுசன் எல்லோ நீங்கள்!"

ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டு. கைப்பையோடு பறந்து வந்ததால் வேறு சோடி இல்லை. ஹோட்டலில் தந்த, துவாய்த் துணியில் தைத்த வெள்ளைச் செருப்பைப் போட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து ஓடிவந்தவன் மாதிரி இருந்தது. முதன்முதலாகச் சம்பந்தி வீட்டுக்கு இப்படியா போவது? வரமாட்டேன் என்று கட்டிலில் இருந்துவிட்டேன். சிந்துஜா கலங்கிய கண்ணோடு, சம்பந்தி வீட்டுக்கென்று கொண்டுவந்த பயத்தம் பணியாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் சாட்டுச் சொல்லிக் காரியத்தைக் கெடுக்கிறேன் என்று நினைத்திருப்பாள். உண்மையைச் சொன்னால், எனக்கே அது பாதி நிம்மதியாகத்தான் இருந்தது.

முன்னரே வந்து தகப்பன் வீட்டில் நின்ற மார்க்கோவுக்கு அவள் போன் எடுத்துக் கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுப்பட்டது. மார்க்கோவும் தகப்பன் ரொக்கோவும். குட்டையான, அகன்ற மனிதர். கக்கத்தில் பேப்பரில் சுற்றிய ஒரு சோடி சப்பாத்து. என் வெறுங்காலைப் பார்த்தார். கொண்டுவந்த சோடியை என் காலடியில் வைத்தார். பிறகு தன் காலில் கிடந்த சப்பாத்தையும் கழற்றி, உள்ளே பவளத்தின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து இருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை. "லண்டனில் எனக்கு மூன்று கடை" என்று தொடங்கினேன். சிந்துஜா கண்ணை மூடிக்கொண்டாள். மார்க்கோ அதை மொழிபெயர்க்கத் தொடங்கவும் ரொக்கோ விரலை உயர்த்தினார். துவாரத்தால் காலடிச் சத்தம் இறங்கி வந்தது. மேலே யாரோ நடக்கிறார்கள். அவர் காதைச் சாய்த்து ஏதோ சொன்னார்.

"பெண், குதி உயர்ந்த சப்பாத்து என்கிறார் அப்பா" என்றான் மார்க்கோ.

"வலது கையில் பாரம்" என்றேன் நான். "வலது கால்தான் அமத்தி விழுகிறது."

மார்க்கோ வெளியே ஓடிப் பார்த்தான். குதி உயர்ந்த சப்பாத்துப் போட்ட பெண், வலது கையில் தண்ணீர்ப் போத்தல்கள். ரொக்கோ என்னைக் கூர்ந்து பார்த்தார். அடுத்த காலடிக்கு இரண்டு பேரும் காத்திருந்தோம். கிழவர், கைத்தடி. பிறகு நாயோடு ஒருவர். நாய் நொண்டுகிறது என்பதை நான் தவறவிட்டேன், அவர் பிடித்துவிட்டார்.

"அப்பா, உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று சிந்துஜா கேட்டாள்.

இந்த ஒரு கதையை நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை, அன்று சொன்னேன். ஸ்ட்ரெதம் கடையை வாங்குவதற்கு முன்பு நான் அங்கே வேலையாள். படுத்தது கடைக்கு அடியில், நிலவறையில், அரிசி மூட்டைகளோடு, இரண்டு வருடம். ஜன்னல் இல்லை. வாசல் பக்கத்தில் நடைபாதையில் பதித்த தடித்த கண்ணாடிக் கட்டிகள்தான் கூரை. சப்பாத்து அடிகள் மட்டும் நிழலாகத் தெரியும். காலடியை வைத்தே ஆளைச் சொல்வேன். முதலாளி வருகிறாரா, பொலிஸா, வேலைக்கு ஓடுகிற தாதியா. மேலே ஊர் நடந்தது, கீழே நான் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

"வசதியான றூம் எண்டெல்லோ எனக்குக் கடிதம் எழுதினியள்!" என்றாள் பவளம். குரல் உடைந்தாலும் சிரித்தாள்.

மார்க்கோ தகப்பனுக்குச் சொல்லி முடித்தான். ரொக்கோ ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களிடம் கோவேறு கழுதை இருந்ததா என்று கேட்கிறார்."

"இல்லை. மூட்டைதான்."

ரொக்கோ நெஞ்சை நிமிர்த்தினார். அப்படியானால் தங்கள் குகைதான் திறமாம், கோவேறு கழுதை பக்கத்தில் நின்றால் குளிரே தெரியாதாம். நான் விடுவேனா? "எனக்கு மின்விளக்கு இருந்தது" என்றேன். அவர்களிடம் கோழி இருந்ததாம். எனக்கு மேலே முழுக் கடையே இருந்தது. இரண்டு கிழவர்களும் எவனுடைய பொந்து நல்ல பொந்து என்று அடிபட, பவளம் பணியாரப் பெட்டியைத் திறந்தாள்.

"பிள்ளை," என்றேன் மகளிடம், "நான் ஓம் எண்டு அவரிட்டைச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பார்த்த மாத்திரத்தில் ரொக்கோவுக்கு விளங்கிவிட்டது.

அவருடைய சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. முன்பக்கம் ஒரு விரல் இடம் மிச்சம், அதற்குள் பழைய தமிழ்ப் பேப்பரைத் திணித்துத்தான் தினமும் கடைக்குப் போகிறேன். கடை வாசலில் அந்தக் கண்ணாடிக் கட்டிகள் இன்னும் இருக்கின்றன. முன்பெல்லாம் சுற்றிக்கொண்டு போவேன். இப்போது அவற்றின் மேலேயே ஒரு நிமிடம் நிற்கிறேன். கீழே அரிசி மூட்டைகள் மட்டும்தான். அங்கே யாராவது கிடந்து காது கொடுத்தால், நடை யாழ்ப்பாணம், சப்பாத்து மாத்தேரா, தெரு ஸ்ட்ரெதம். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், மேலே நிற்கிறவன் எந்த ஊர் ஆள் என்று அவனால் சொல்ல ஏலாது.