ஸ்டெல்லா அக்காவின் கேக் கடை மூன்றாம் பக்கத்துக்குப் போனது

இன்று காலை பெங்களூரு ரயிலில், கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறிய ஸ்டெல்லா அக்கா நேராக என்னிடம் வந்தார். வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான்.

"இன்னா தம்பி, தேடினா நம்ம கடைதான் முதல்ல வந்துனு இருந்துச்சி. இப்ப மூணாவது பக்கத்துல கீது. இந்த வாரம் புது ஆர்டரே இல்ல. நீ இன்னா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா. சர்ச் எஞ்சின்ல அல்காரிதம் அப்டேட் வந்துச்சி. யாரை முன்னாடி காட்டணும்ன்ற கணக்கையே மாத்திட்டாங்க."

"மாத்துனவங்க நம்ம கேக்கைத் தின்னு பாத்தாங்களா?"

நான் என் போனில் தேடிக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில்தான் இருந்தது.

எதிர் சீட்டில் இருந்த செல்வம் அண்ணன் அக்காவின் பழைய வாடிக்கையாளர். அவர் தன் போனில் தேடினார். அக்கா கடை முதலிடத்தில் இருந்தது.

அவர் அக்காவின் வெப்சைட்டை அடிக்கடி பார்ப்பதால் அவருக்கு மட்டும் அப்படிக் காட்டுகிறது என்று விளக்கினேன். அக்கா காதில் வாங்கவே இல்லை.

"அண்ணன் போன்தான் ஒழுங்கான போன். உன்னுத மாத்து."

பங்காருபேட்டை வருவதற்குள் அந்தப் போன் ரயில் பெட்டி முழுக்கச் சுற்றி வந்தது. அதைப் பார்த்த ஒரு பெண் பிறந்தநாள் கேக்குக்குச் சொல்லியும் விட்டார்.

நீங்களும் தேடிப் பாருங்கள். முதலில் வந்தால் மட்டும் கமெண்ட்டில் சொல்லுங்கள். அக்காவும் படிப்பார்.