‘மூன்றுதரம்’ சொல்லாத என் அண்ணை

போன புதன்கிழமை காலை, சனிக்கிழமை நடக்கவிருந்த பாடசாலைகளின் நகர்வல வீதி ஓட்டத்துக்காக மகள் ஜெனிற்றாவின் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். மீன் சந்தையிலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா, அண்ணை ஏலத்துக்குள்ளை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டார். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறம், கெதியா வாங்கோ." நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

யாழ்ப்பாணம் குருநகரில் எல்லோருக்கும் அவர் செபஸ்தி அண்ணை; எனக்குக் கூடப்பிறந்த அண்ணை. முப்பது வருடங்களுக்கு மேலாக மீன் ஏலம் கூறியவர். வீட்டில் உப்புக் கேட்டாலும் அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கும். நாங்கள் இருவரும் கதைத்தால் சண்டையாக்கும் என்று அயலவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பாதி நாள் அது சண்டைதான்.

ஜெனிற்றா முதன்முதலாக ஓடியது பன்னிரண்டு வயதில். அண்ணை ஏலத்தை வேறு ஆளிடம் விட்டுவிட்டுச் சைக்கிளில் வந்தார். கடைசி வளைவில் நின்று, "முன்னாலை நாலு பேர்! மூண்டு! ரெண்டு!" என்று மருமகள் முந்த முந்தக் கூவினார். சனம் சிரித்தது. அவள் எல்லோருக்கும் முன்னுக்கு வந்ததும் மனிதருக்குத் தலைகால் தெரியவில்லை. வாய்ப்பழக்கத்தில், "ஒருதரம்! ரெண்டுதரம்! மூண்டுதரம்!" என்று முழங்கிவிட்டார்.

ஏலத்தில் மூன்றாம் முறை கூறினால் மீன் விற்றாயிற்று, அதற்குமேல் பேச்சில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஓட்டம் முடிந்தது என்று நினைத்து நின்றுவிட்டாள். முடிவுக் கோடு இன்னும் நூறு மீற்றர் தள்ளி இருந்தது! விளங்கி மறுபடி ஓடுவதற்குள் நாலு பேர் தாண்டிவிட்டார்கள்.

"உங்கடை வாயாலைதான் என்ரை பிள்ளை தோத்தாள்!" என்று நடுவீதியில் வைத்து அவரைக் கிழிகிழியென்று கிழித்தேன். அவர் என்னைத் தாண்டிப் பிள்ளையிடம் போனார். அது எனக்கு இன்னும் கோபமூட்டியது. அவளிடம் மட்டும் சொன்னார்: "பிள்ளை, இனி மாமா ரெண்டுதரத்தோடை நிப்பாட்டுவன். மூண்டாவதை நீ மாகாணத்துக்குத் தெரிவாகிற அண்டைக்குத்தான் சொல்லுவன்."

ஐந்து வருடம் அந்தச் சொல்லைக் காத்தார். முதல் மூன்று பேரைத்தான் மாகாணப் போட்டிக்கு எடுப்பார்கள். இவள் ஒருமுறை நாலாவது, மறுமுறை ஐந்தாவது. ஒருவருடம் மழையில் கால் பிரண்டு, கடைசி ஆளாக நொண்டி வந்தாள். "ஓடினது காணும், வீட்டை வா" என்று நான் கத்தினேன். அண்ணை என்னைத்தான் அதட்டினார். "கால் அவளின்ரை, வாய் என்ரை. நீ சும்மா நில்! ஒருதரம்! ரெண்டுதரம்!" அவளும் ஓடித்தான் முடித்தாள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். அடுத்தநாள் ஓட்டம், பாடசாலைக் காலத்தில் மாகாணத்துக்குத் தெரிவாக அவளுக்குக் கடைசிச் சந்தர்ப்பம். "செத்தவீட்டு ஈரம் காயேல்லை, என்ன ஓட்டம்?" என்று உறவினர்கள் முணுமுணுத்தார்கள். அண்ணையின் மனைவி, எங்கள் மச்சாள், அழுத முகத்தோடு எழும்பினார். "அவள் ஓடட்டும். அந்த மனுசன் இருந்தால் இப்ப உங்களையெல்லாம் கலைச்சிருப்பார்." ஜெனிற்றா ஏற்கெனவே சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசி வளைவில் நான் நின்றேன். அவருடைய தொண்டை எனக்கு இல்லை. என்றாலும் விடவில்லை. "முன்னாலை ஆறு பேர்! அஞ்சு! நாலு! மூண்டு!" இன்னும் ஒருத்தியை முந்தினால் மாகாணம். "ஒருதரம்! ரெண்டுதரம்!" என்று கூவிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். கோட்டுக்குச் சற்று முன்னால் முந்தி, மூன்றாவதாகப் போய் விழுந்தாள்.

வியர்வையும் காயவில்லை, அண்ணையை அடக்கம் செய்த சேமக்காலைக்கு நேரே போனோம். கல்லறை மண் ஈரமாகவே இருந்தது. ஜெனிற்றா முழந்தாளிட்டு, "மாமா, மூண்டுதரம்!" என்று சேமக்காலை முழுவதும் கேட்கக் கூவினாள். ஐயோ அண்ணை, அது அப்படியே உங்கள் குரல்.

இனி இளைப்பாறுங்கள். மாகாணப் போட்டியிலும் கடைசி வளைவில் நான் நிற்பேன். இரண்டுதரத்தோடு நிறுத்துவேன்.