பழனிப் பாதைக்கு ஒரு படுக்கை

ஆத்தப்பன் ஜமால் கடையின் சிமெண்டுத் தரையில் ஜமுக்காளத்தை விரித்து, அதன்மேல் வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். முழங்காலை மடக்கினார், நீட்டினார், இடப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவர் மனைவி பழனாத்தாளுக்குத் தெரியவில்லை.

"ஏனுங்கண்ணா, தூங்கிப் பாத்துட்டுத்தான் வாங்குவீங்களா?" என்றார் ஜமால். கேலியில்லை, அவருக்கு விஷயம் தெரியும்.

"மல்லாந்து படுக்கறவனுக்கு எதை விரிச்சாலும் ஆவுமுங்க. எனக்கு இடுப்பெலும்பும் தோளுமல்ல தரையில ஊனுது?" எழுந்து சுருட்டி, ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "கனமுங்க. வேண்டாமுங்க."

இரண்டு வருஷத்துக்கு முன்பு வேலை பார்த்த சலவைப் பட்டறையில், துணி வேகும் தொட்டியின் மூடி தெறித்து, சலவைக்காரம் கலந்த கொதிநீர் அவர் முதுகில் கொட்டியது. ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தவரின் காலடியில் உட்கார்ந்து, உயிர் தங்கினால் பழனிக்கு நடக்க வைக்கிறேன் என்று பழனாத்தாள் வேண்டிக்கொண்டாள். நடக்க வேண்டியவரைக் கேட்கவில்லை. உயிர் தங்கியது, தூக்கம் தங்கவில்லை. ஒரு பக்கம் வலித்து மறுபக்கம் புரண்டால் போர்வை முதுகில் சுருண்டு இழுக்கும். எழுந்து சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பழனாத்தாளும் விழித்துத்தான் இருப்பாள். தூங்குவது போலக் கிடப்பாள்.

இப்போது ஒரு பனியன் கம்பெனியில் நின்றபடி துணி மடிக்கிறார். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் சாய மாட்டார். போடுகிற பனியனைக்கூடத் தையல் வெளியே தெரியும்படி புரட்டித்தான் போடுவார். தையல் வடுவில் உராயுமாம். "நம்ம ஆளே திருப்பிப் போட்டா ஊர்ல ஆரு வாங்குவா?" என்பார் முதலாளி. ஆத்தப்பன் சிரித்து வைப்பார்.

அறுபத்தெட்டாம் வருஷத் தைப்பூசம் நெருங்கியது. "வேண்டினது நீ, நடக்கறது நானா?" என்று ஒருநாள் கேட்டார். "நானுந்தான் கூட வாரனுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவர் அதைப் பேசவில்லை. வழியில் ராத்திரி தங்குகையில் விரிக்க ஒரு படுக்கையை மட்டும் தேடினார். முதுகில் மூட்டை ஏற்ற முடியாது. தோளில் மாட்டி முன்னால் அணைத்துக்கொண்டுதான் போக வேண்டும். கோரைப்பாய் இலேசு, ஆனால் எலும்பைத் தரை குத்தியது. கம்பளி வடுவை அரித்தது. மெத்தையைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பது?

கம்பெனி இயந்திரத்தில் பின்னலாகும் துணி பக்கத்தையலே இல்லாமல் குழாயாக இறங்கும். இழை விட்டுப்போன ஒரு நீளத்தைத் தரை துடைக்கவென்று ஆத்தப்பன் கொண்டுவந்திருந்தார். அவர் வேலைக்குப் போன பிறகு பழனாத்தாள் அதற்குள் காலை விட்டு நுழைந்து, அவரைப் போலவே ஒருக்களித்துப் படுத்தாள். முழங்காலை மடக்கினால் துணி கூடவே வந்தது. புரண்டால் இழுக்கவில்லை. தரை எங்கெங்கே குத்துகிறதென்று தெரியும்வரை எழாமல் கிடந்தாள். இடுப்பு மரத்துப்போயிற்று. பிறகு தன் தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை எடுத்து, தோளுக்கும் இடுப்புக்கும் நேராக மட்டும் திண்டு வைத்துத் தைத்தாள். காலடியை மூடினாள்.

"இதென்ன புள்ளே, சாக்குக்குள்ள பூந்த மாதிரி?" என்றார் வேலை முடிந்து வந்த ஆத்தப்பன்.

"பூந்துதான் பாருங்களே."

உள்ளே போய் இரண்டு தரம் புரண்டார். வெளியே வந்து, சுருட்டி, ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

பாதயாத்திரையின் முதல் ராத்திரித் தங்கல் குண்டடத்தில். விடிந்ததும் காவடிகள் கிளம்பிவிட்டன. புளியமரத்தடியில் ஆத்தப்பன் மட்டும் ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தை நடத்திப்போகும் குமாரசாமி திரும்பி வந்தார்.

"எழுப்பும்மா. வெயிலுக்கு முந்தி நடந்தாகோணும்."

"நீங்க முன்னால போங்க சாமி" என்றாள் பழனாத்தாள், குரலை இறக்கி. "நாங்க பொறகால வாரமுங்க."

குமாரசாமி படுத்திருந்தவரைப் பார்த்தார். கூட்டத்தை எட்டிப்பிடிக்கத் திரும்பி நடந்தார். அரோகரா சத்தம் தாராபுரம் ரோட்டில் தேய்ந்து மறைந்தது. கிளை இடுக்கு வழியாக வெயில் இறங்கி ஆத்தப்பனின் இமையைத் தொட்டது.

பழனாத்தாள் எழுந்து போய், வெயிலுக்கும் அவருக்கும் நடுவில் நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.