பெண் பார்க்க வந்தவர்களுக்கு என் மகள் சொன்ன பதில்

1988 தை மாதம். திருச்செங்கோட்டை அடுத்த எங்கள் தோட்டத்து வீட்டுக்கு, சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழில், நல்ல குடும்பம். மகள் பெங்களூரில் உயிர்வேதியியல் ஆராய்ச்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தாள்.

எனக்கு முப்பது வயதிலேயே முடக்குவாதம் வந்துவிட்டது. மூட்டுகள் வீங்கி வீங்கி விரல்கள் கோணிப்போயின. மாத்திரை போட்டால் வலி அடங்கும், ஆனால் முகம் ஊதிப்போகும், வயிறு எரியும். என் பெண் சின்ன வயதிலிருந்தே தன் தலையைத் தானே பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள்.

அன்று இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். காபி வாங்க நான் கையை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. மகனைப் பெற்றவருக்கு வரும் பயம்தான். என் மகளிடமே கேட்டார்.

"இந்த நோவு உனக்கும் வருமா அம்மிணி?"

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். வராது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாளா என்று நான் தவித்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையை விலக்கி, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வரலாமுங்க அத்தை, வராமயும் போகலாமுங்க. இதுக்கு மருந்து கண்டுபிடிக்கத்தான் நான் படிக்கறனுங்க."

அவர்களும் ஆர்வமாகக் கேட்க, விளக்கினாள். வீக்கத்தை உண்டாக்கச் சொல்லி உடம்புக்குள் ஒரு தகவல் போகிறதாம். அந்தத் தகவலுக்கு நேர் எதிராகப் பொருந்தும் ஒரு சின்ன மரபணுத் துண்டைச் செய்து உள்ளே அனுப்பினால், அது போய்த் தகவலோடு ஒட்டிக்கொள்ளுமாம். தகவல் பாதியிலேயே நின்றுவிட்டால் வீக்கம் வராது. இன்னும் யாரும் இதை மருந்தாக்கவில்லை, வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கேட்டிருக்கிறேன் என்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் இது வேண்டுமா என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டதற்கு, வேண்டும் என்று அமைதியாகச் சொன்னாள்.

சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். தகவல் எதுவும் வரவில்லை. அம்மாவின் நோய் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சு மூட்டு வலியை விட அதிகமாக வலித்தது.

கொஞ்ச மாதத்தில் வெளிநாட்டில் இடம் கிடைத்தது. என்னை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை. அவள் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

"என்னையப் பாத்துக்க உங்கப்பா இருக்காரு. நீ போய் உன்ற வேலையப் பாரு சாமி" என்றேன்.

என் வீட்டுக்காரர் அவள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஊர் பார்க்க பஸ் நிறுத்தம் வரை நடந்தார்.

எத்தனையோ முறை சோதனை தோற்று மறுபடி தொடங்கியதாகப் போனில் சொல்வாள். அவள் தேடும் மருந்து என் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் என் நோயைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருத்தியைப் பெற்றவள் நான் என்ற பெருமை, வலி அதிகமான காலைகளிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.