சமுத்திரத்துக்கு வைத்த பேர்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஷெட் ஒன்றில் எனக்கும் சமுத்திரத்துக்கும் பதினெட்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்துத் தறி. அவன் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளை கிடையாது. ஷெட்டுக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஒற்றை அறையில் இருக்கிறான்.

தறிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. எங்களுக்குச் சைகைதான். வயிற்றைத் தட்டினால் சாப்பாடு. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். காதுக்குப் பின்னால் சொறிந்தால் சமுத்திரம், அவன் அப்படிச் சொறிகிறவன். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே அங்கே இல்லை.

போன தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஹெப்சிபா என்று ஒரு பிள்ளை வந்தது. மதுரையில் மேல்படிப்பு. இன்றைக்கு ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதைக் கூடவே இருந்து பார்த்து எழுதப் பழகுகிற படிப்பாம். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, சமுத்திரத்தின் சட்டைப்பையில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றது. சாயங்காலம் போட்டுக் கேட்டால் வெறும் தறிச் சத்தம். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதலே," என்றான் சமுத்திரம். "அந்தப் பிள்ள என்னத்தக் கண்டுச்சு."

மறுநாளிலிருந்து ரெக்கார்டர் வரவில்லை. அந்தப் பிள்ளையே அவனோடு நின்று அறுந்த நூலை முடிச்சுப் போட்டது. சைகை பழகியது. பத்து நாளில் என்னைக் குறிக்கிற சைகையையும் கண்டுபிடித்துவிட்டது. அதை இங்கே எழுத மாட்டேன். மத்தியானம் அவன் அறை வாசலில் சாப்பாடு. அவன் இரண்டு பேருக்கு உலை வைக்க ஆரம்பித்தான். பதினெட்டு வருடத்தில் என்னிடம் பேசாததையெல்லாம் மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளையிடம் பேசினான். ஷெட்டில் அடிபட்ட ஒருத்தனை, வீட்டில் விழுந்ததாக முதலாளி சொல்லவைத்தது உட்பட.

சித்திரையில் கடைசியாக வந்தது. எழுதியதைக் காலேஜில் கொடுப்பதற்கு முன்னால் அவன் சம்மதம் வேண்டுமாம்.

"அண்ணாச்சி, உங்க பேரை மாத்திருதேன். அதான் எங்க முறை."

"எதுக்கு? இங்க எவன் என் பேரைச் சொல்லுதான்? அதுலயாவது இருந்துட்டுப் போகட்டும்."

"அப்ப முதலாளியப் பத்துனத எடுத்துரணும். தெரிஞ்சா வேலையும் போயிரும், ரூமும் போயிரும்."

"எம்புட்டு எடுக்கணும்?"

"பாதிக்கு மேல."

அவன் கையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்தான்.

"சொன்னது சொன்னதா இருக்கட்டும்," என்றான் பொறவு. "பேரை எடுத்துரு. வேற என்ன பேரு வைப்ப?"

"நீங்களே சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும் தாயி. நீயே வையி."

ஆடியில் தபால் வந்தது. அவனைப் பற்றிய பகுதி மட்டும், பதினாறு பக்கம். அவனுக்கு எழுத்து வராது. அஞ்சாம் வகுப்பு படித்த நான் அவன் அறை வாசலில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்தேன். அதில் அவன் மலைச்சாமி. மலைச்சாமி சட்டைக்குத் தானே பட்டன் தைக்கிறார். மழை வந்தால் வெளியே வந்து, பக்கத்தில் ஆள் இருப்பதுபோல "மழ வருது" என்று சொல்கிறார். காய்ச்சல் வந்த மூன்று நாளும் கதவை உள்ளே தாழ் போடாமல் படுத்திருந்தாராம்.

வாசித்து முடித்ததும் சமுத்திரம் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான்.

"நல்ல மனுசனாத் தெரியுதான்," என்றான். "பாவம்லே. அந்தாள யாராச்சும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்."

தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அந்த அறைக்குள் நான் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. அன்றைக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.