நான்காவது பூரான்

தென்னையின் கொழுப்பமிலங்களை ஆராய்கிறேன் என்று சொன்னால் சனம் என் வயிற்றைத்தான் முதலில் பார்க்கும். ஆராய்ச்சி அங்கேதான் நடக்கிறது என்று நினைப்பு. அது எவ்வளவு சரி என்பது அந்த மாசியில் தெரிந்தது.

முளைவிடும் தேங்காய்க்குள் பூரான் என்கிற வெள்ளை உருண்டை ஒன்று பஞ்சுபோல வளர்ந்து, வெள்ளைப் பருப்பிலுள்ள எண்ணெயைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்துக் குருத்துக்குக் கொடுக்கும். அப்படி வளரும் கன்று சீதனத்தோடு வந்த பிள்ளை. மற்றப் பிள்ளை, முளையை மட்டும் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் சீனிக்கூழ் ஊட்டி வளர்த்தது. பருப்பைக் கண்ணாலும் கண்டதில்லை. இரண்டிலும் எந்தக் கொழுப்பமிலம் எவ்வளவு என்று ஒப்பிடுவதுதான் என் வேலை.

குழாய்ப் பிள்ளைகள் நகருக்கு வெளியே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சொகுசாக இருந்தன. மட்டையோடு வந்த தேங்காய்களை வீட்டில், ஹீட்டருக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கில் வைத்திருந்தேன். நான்கு மாதத்தில் நான்கே முளைத்தன. மூன்று போதும். மூன்றுக்குக் குறைந்தால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் நிற்காது. அத்தியாயம் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. சித்திரையோடு விசாவும் முடிகிறது.

ஒரு ஞாயிறு குசினியில் நான்கையும் பிளந்தேன். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"பூரானல்லே இது. கண்டு எத்தினை வருசம்."

"சாம்பிள். தொடாதேயும்."

"மூண்டு காணும் எண்டுதானே சொன்னனீங்கள். இது நாலாவது."

எனக்கும் வாயூறிவிட்டது. மூன்றை அலுமினியத் தாளில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, நான்காவதை நின்றபடியே தின்றோம். பாதிக்கு மேல் நான்.

அடுத்த நாள், மூன்றாவது பூரானை முழுதாகப் போட்டிருந்த குழாய் சுழலும் இயந்திரத்துக்குள் உடைந்தது. எதிர்ப்பக்கம் சம எடை வைக்க மறந்த மேதை நான்தான்.

"இருக்கிறதில ஒண்டைப் பாதியாப் பிரிச்சு மூண்டெண்டு எழுதுங்கோவன்," என்றாள் மனைவி. "ஆர் உள்ளுக்க போய்ப் பாக்கப் போகினம்?"

ஒட்டுத்தாளில் மூன்று என்று எழுதியும்விட்டேன். ஒட்டத்தான் முடியவில்லை. நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்கும். பேராசிரியருக்கு அது தெரியும்.

மூன்றாவது உடைந்த கதையை அவரிடம் சொன்னேன். "நான்கு முளைத்ததே, நாலாவது எங்கே?" என்று கேட்டார் அவர்.

"சாப்பிட்டுவிட்டோம்."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. என் அட்டவணையில் இயற்கையாய் வளர்ந்தவற்றின் பத்தியைப் பேனையால் ஒரே கோட்டில் வெட்டினார்.

"சித்திரைக்குள் இதே பருவத்தில் இன்னொன்று வேண்டும். இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட முடியாது."

நான்கு மாத முளை எட்டு வாரத்தில் எப்படி வரும்? அன்றே ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட இருந்த தமிழ்க் கடைக்கு ஓடினேன்.

"அண்ணை, முளைச்ச தேங்காய் இருக்கே?"

"நல்ல தேங்காய் கிடக்க அதேன் தம்பி?"

"முளைச்சதுதான் வேணும்."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முந்தநாள்தான் ரெண்டை எறிஞ்சனான். உம்மைப்போல ஒராள் வருவார் எண்டு ஆர் கண்டது?"

"எங்க எறிஞ்சனீங்கள்?"

பின்கதவைக் காட்டினார். வெளியே கண்ணிமை ஒட்டிக்கொள்ளும் குளிர். உறைந்த முளை செத்த முளை; அதைக் கொண்டுபோனால் பேராசிரியர் திரும்பியும் பார்க்கமாட்டார். இத்தனை வருடம் படித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். ஆனாலும் கையுறையைக் கழற்றிவிட்டு, குப்பைத் தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து தேடத் தொடங்கினேன்.