தூங்கவிட்ட கேமரா

அந்த வருஷம் வரைக்கும் என் அம்மா கண் திறந்திருக்கும் புகைப்படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. கல்யாண ஆல்பத்தில் தாலி ஏறும்போது கண்ணை மூடியிருக்கிறாள். பக்தி என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குக் காது குத்தும்போதும் மூடியிருக்கிறாள், சரி, பயம். வாக்காளர் அட்டையில் அரைக்கண். அதற்கு என்ன சாக்குச் சொல்வது? ஃப்ளாஷ் அடிக்கப்போகிறது என்று தெரிந்தாலே போதும், அம்மாவின் இமை இறங்கிவிடும்.

"நாளைக்கு மாலை போட்டு மாட்டறதுக்குக்கூட எனக்கு ஒரு போட்டோ கெடையாது கண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது. கோபம்தான் வரும்.

ஐம்பதை நெருங்கும்போது அம்மா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். "இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்" என்று சொந்தக்காரர்கள் அப்பாவிடம் இழுத்தார்கள். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சிவப்பு ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்தது. அவிநாசிக் கோயிலில் பூஜை போட்டு, வண்டியோடு நின்று, கண்ணைத் திறந்தபடி ஒரு படம் எடுத்துக் கூடத்தில் மாட்ட வேண்டும். அம்மாவின் ஆசை அவ்வளவுதான்.

கிளம்பினோம். போத்தனூரிலிருந்து அவிநாசி போய்ச் சேர்வதற்குள் எங்களை முந்தாத வண்டி கிடையாது. அம்மா ஓட்ட, நான் பின்னால். அப்பா தன் பைக்கில், பொண்ணு அழைப்புக்குப் போகிறவர் மாதிரி அடக்கமாகத் தொடர்ந்தார். கோயில் வாசலில் குருக்கள் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அம்மா நசுக்கினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, வண்டியின் ஹேண்டிலைப் பிடித்து நிமிர்ந்து நின்றாள்.

அப்பா கேமராவை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். லென்ஸ் எட்டிப் பார்த்தது. திரையில் சிவப்பாக பேட்டரிக் குறி மின்னியது. லென்ஸ் உள்ளே போய்விட்டது.

"சார்ஜ் போட்டுத்தானுங்க வெச்சேன்" என்றார் அப்பா, பெற்ற மகளைப் போய் 'ங்க' போட்டு. மாட்டிக்கொண்டால் அவருக்கு மரியாதை கூடிவிடும்.

"போட்டீங்க. அப்புறம் ஆஃப் பண்ணுனீங்களா?"

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அப்பா, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். "அடிக்கடி ஆன் பண்ணி ஆஃப் பண்ணுனா எந்த மிசினா இருந்தாலும் காயில் போயிருமுங்க. அதுதான் ஆஃப் பண்ணாம உட்டுப்போட்டேன். அதுவே தூங்கிக்குமல்ல!" கேமரா தூங்கியிருக்கிறது, பீரோவுக்குள், மாதக்கணக்கில். தூங்கிக்கொண்டே சார்ஜைத் தின்று தீர்த்திருக்கிறது!

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னவெல்லாமோ பேசிவிட்டேன். சார்ஜர் வீட்டில் இருந்தது. அப்போது எங்களிடம் இருந்த போன்களில் பேசத்தான் முடியும். அம்மா "பரவால்ல, உடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் செத்துப்போனது.

"சித்த இருங்க" என்றவர் பேட்டரியைக் கழற்றி வேட்டியில் பரபரவென்று தேய்த்தார். சூடு ஏறினால் மிச்சம் மீதி கொஞ்சம் கிளம்பி வருமாம். போதவில்லை. பக்கத்தில் கடை போட்டிருந்த பூக்காரம்மா, "வண்டி சீட்டுல வையிங்க, கொதிக்குது" என்றார். கறுப்பு சீட்டு வெயிலில் நன்றாகவே காய்ந்திருந்தது. அதன்மேல் பேட்டரியை வைத்து, நாங்கள் மூன்று பேரும் குருக்களும் சுற்றி நின்று பார்த்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதோடு என் கோபமும் போய்விட்டது.

"ஒண்ணே ஒண்ணுதான் வரும்" என்றார் அப்பா, சூடேறிய பேட்டரியைத் திரும்பக் கேமராவில் போட்டுக்கொண்டே. ஃப்ளாஷ் நிறைய சார்ஜ் இழுக்கும் என்று அதை நான் நிறுத்திவிட்டேன். கேமராவைப் பூக்காரம்மா கையில் கொடுத்தோம். அம்மா நடுவில். ஒரு பக்கம் அப்பாவும் நானும், மறுபக்கம், "நீங்களும் நில்லுங்க சாமி" என்று அம்மா வற்புறுத்தியதால், குருக்கள்.

"அம்மணி, கண்ணு! கண்ணு!" என்று அப்பா அம்மாவிடம் கத்தினார். கிளிக் என்றது. கேமரா அப்படியே அணைந்துவிட்டது. விழுந்த படம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் சார்ஜ் போட்டுத் திரையில் பார்த்துவிடலாம் என்றேன்; பிரிண்டாகவே பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா தடுத்துவிட்டாள். மறுநாள் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கையில் வாங்கியபோது, கடை என்றும் பாராமல் குதித்தேன். ஃப்ளாஷ் இல்லை, அதனால் இமை இறங்கவில்லை. அம்மாவின் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருக்கின்றன. என்ன அழகான கண்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். படத்தில் அவள் மட்டும்தான் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்பா, நான், குருக்கள் மூவரும் கழுத்தை வளைத்து, அவள் கண் திறந்திருக்கிறதா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"ஏனுங்க" என்றாள் அப்பாவிடம். "உங்களுக்கெல்லாம் ஒரு போட்டோவுக்கு ஒழுங்கா நிக்கத் தெரியாதுங்களா?"